புகழ்ச்சியும் உண்மையும்: பாரசீகக் கஸீதாக்கள் கூறும் வரலாறு

 

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிகாஹ் மஜ்லிஸில் குத்பா ஓதி முடித்தபின், மணமகனின் தந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். செல்வர், பல காரியங்களுக்கு உதவியவர். இரண்டு வார்த்தையுடன் நான் நிறுத்தவில்லை. கொடையில் ஹாத்திம் என்றேன். நீதியில் நிகரற்றவர் என்றேன். ஏழைகளின் நிழல் என்றேன். விருந்து முடிந்து வெளியே வரும்போது ஒரு முதியவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், நீங்கள் இன்று சொன்ன அந்த மனிதர் யார்? எனக்கும் அறிமுகம் செய்து வையுங்கள். என் மகனுக்குரிய ஆறு மாதக் கூலி அவரிடம்தான் நிற்கிறது" என்றார். நான் வாயடைத்து நின்றேன்.

அன்றிரவு, மதரஸாவில் ஓதிய காலத்தில் என் உஸ்தாத் பாரசீகக் கஸீதாக்களைப் பற்றிச் சொன்னவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருவரைப் புகழ்வது எப்படி, எதுவரை, எதற்காக என்னும் கேள்விகளுக்கு அந்தக் கவிவாணர்கள் பல நூற்றாண்டுகளாக விடை தேடியிருக்கிறார்கள். சிலர் வழுக்கி விழுந்தார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். அவ்வரலாற்றை நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தகடூர் மண்ணும் புகழ்ப் பாடலும்

புகழ்ப் பாடல் நம் மண்ணுக்குப் புதியதன்று. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இன்றும் உள்ளன. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் ஔவையார் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் அழகாக வைக்கப்பட்டிருக்கும் அவனுடைய ஆயுதங்களைப் பாடிய ஔவையார், தம் தலைவனுடைய ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடித்தார். கேட்போருக்கு அது தொண்டைமானைப் புகழ்வது போல இருந்தது. உண்மையில், போர்க்களம் கண்ட ஆயுதம் எது, காணாத ஆயுதம் எது என்பதை அது சொல்லிவிட்டது. பொய் இல்லை; வசையும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியே புகழவும் எச்சரிக்கவும் முடியும் என்பதற்கு நம் ஊர் வரலாறே சான்றாகும்.

இதே கலை அரபு நாட்டில் கஸீதா என்னும் பெயரில் வளர்ந்தது.

அரபகத்தில் பிறந்த கஸீதா

இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிஞர்கள் ஒரே சந்தத்தில், ஒரே இறுதி இயைபில் நீண்ட பாடல்களை இயற்றினார்கள். பிரிந்து சென்ற காதலியின் பாழடைந்த கூடார இடத்தைக் கண்டு அழுவது, ஒட்டகத்தின் மீது பாலைவனம் கடப்பது, பின்னர்த் தலைவனையோ குலத்தையோ புகழ்வது என்பது அவற்றின் வழக்கமான அமைப்பு.

அவர்களுள் ஸுஹைர் என்னும் கவிஞரை உமர் (ரலி) அவர்கள் மிகவும் விரும்பினார்கள். காரணம் கேட்டபோது, ஒருவரிடம் இல்லாத குணத்தைக் கொண்டு ஸுஹைர் அவரைப் புகழ்வதில்லை என்னும் கருத்தில் பதிலளித்தார்கள் என்று வரலாற்று நூல்களில் காண்கிறோம். இந்த ஒரு பதிலை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வருவனவெல்லாம் எளிதில் விளங்கும்.

அந்த ஸுஹைரின் மகனார்தாம் கஅப் (ரலி). தொடக்கத்தில் நபியவர்களை இகழ்ந்து கவி பாடியவர், ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டளவில் மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவினார். மன்னிப்பு வேண்டித் தம் கஸீதாவை நபியவர்களின் முன்னிலையிலேயே பாடினார். அதற்காக நபியவர்கள் தம் போர்வையை அவருக்கு அளித்தார்கள். ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் கவி பாடுவதற்கெனப் பள்ளியிலே மிம்பர் வைக்கப்பட்டது. குர்ஆனில் "கவிஞர்கள்" என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. பள்ளத்தாக்குதோறும் அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அதன் இறுதி வசனங்கள் கண்டிக்கின்றன. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன. ஆக, மார்க்கம் கவிதையைத் தடுக்கவில்லை. கவிதையில் புகும் பொய்யையே தடுத்தது.

பாரசீகம் பேசத் தொடங்கியது

பாரசீகம் முஸ்லிம்களின் கைக்கு வந்தபின் இரண்டு நூற்றாண்டுகள் அங்கும் அரபியே அறிவு மொழியாக இருந்தது. கி.பி. 879-இல் மறைந்த யஃகூப் பின் லைஸ் என்னும் ஸீஸ்தான் ஆட்சியாளரை ஒருமுறை புலவர்கள் அரபியில் புகழ்ந்தார்கள். செம்பு வேலை செய்து உயர்ந்த அந்த வீரருக்கு அரபி தெரியாது. தமக்கு விளங்காத ஒன்றை ஏன் பாடுகிறீர்கள் என்று கேட்டார். அதன்பின் அவருடைய எழுத்தர் பாரசீகத்தில் கவி இயற்றினார் என்று ஸீஸ்தான் வரலாற்று நூல் கூறுகிறது. புகழப்படுபவருக்கே புரியாத புகழ் எதற்கு என்னும் அந்த எளிய கேள்வி ஒரு மொழியின் இலக்கியத்துக்கு வாசல் திறந்தது!

புகாராவில் ஸாமானிய மன்னர்களின் அவையில் ரூதகீ (மறைவு கி.பி. 941) அக்கலையை உயர்த்தினார். அமீர் நஸ்ர் ஹிராத் நகரின் குளிர்ச்சியிலும் கனிகளிலும் மயங்கி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார். வீடு திரும்ப ஏங்கிய படைத்தலைவர்கள் ரூதகீயை நாடினார்கள். அவர் புகாராவின் ஆற்றையும் அதன் காற்றையும் பாடி முடிப்பதற்குள் அமீர் காலணியும் அணியாமல் குதிரை ஏறிப் புறப்பட்டுவிட்டாராம். அதே ரூதகீ முதுமையில், பற்கள் உதிர்ந்து இளமை கழிந்ததை எண்ணி ஒரு கஸீதா பாடினார். மன்னரைப் பாடிய வாயே மண்ணாகப் போகும் உடலையும் பாடியது.

கஸீதாவின் அமைப்பு

பாரசீகக் கஸீதா ஒரு மாளிகை போன்றது. அதற்கு வாசல், முற்றம், நடை, கூடம், விடைபெறும் வாயில் என்று ஒழுங்கு உண்டு.

ஒவ்வொரு பைத்தும் இரண்டு அடிகளைக் கொண்டது. எல்லாப் பைத்துகளும் ஒரே இறுதி இயைபில் முடியும். இதனைக் காஃபியா என்பர். தமிழ் யாப்பில் அடியின் கடையில் வரும் இயைபுத் தொடையை ஒத்தது இது. இயைபுக்குப் பின்னும் ஒரு சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வருமானால் அது ரதீஃப். முதல் பைத்தின் இரண்டு அடிகளிலுமே இயைபு அமையும். அதற்கு மத்லஉ, அதாவது உதயம் என்று பெயர். சூரியன் உதிப்பது போலப் பாடல் உதிக்கிறது. இருபது பைத்துகளில் முடியும் கஸீதாவும் உண்டு; நூறு பைத்துகளைத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு நீளத்துக்கும் ஒரே இயைபைப் பிடித்துச் செல்வது எளிதான காரியமன்று.

முதற்பகுதி தஷ்பீப். வசந்தம், இலையுதிர் காலம், இரவு வானம், காதலின் ஏக்கம் ஆகியவை இதில் பாடப்படும். இரண்டாவது குரேஸ்; தப்பிச் செல்லுதல் என்று பொருள். தோட்டத்தைப் பாடிக்கொண்டிருந்தவர் கேட்போர் அறியாமலேயே தலைவனின் பெயருக்கு வந்து சேரும் திருப்பம் அது. ஒரு புலவரின் திறமையை இந்த ஓரிரு பைத்துகளைக் கொண்டே அளப்பார்கள். மூன்றாவது மத்ஹ், அதாவது புகழ். இதன் இறுதியில் தம் தேவையை நயமாகத் தெரிவிப்பதும் உண்டு. அழகிய வேண்டல் என்று அதற்குப் பெயர். முடிவில் துஆ. சூரியன் உதிக்கும்வரை, ஆறுகள் ஓடும்வரை தலைவன் வாழ்க என்னும் வகையில் வாழ்த்தி விடைபெறுவார்கள்.

மிகைப்படுத்துதலின் மூன்று படிகள்

கஸீதாவின் நடையில் உவமை, உருவகம், சிலேடை எல்லாம் உண்டு. நம் தமிழ் இலக்கணத்தில் தற்குறிப்பேற்ற அணி என்று சொல்வதை அவர்கள் ஹுஸ்னுத் தஃலீல் என்பர். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தாமே ஓர் அழகிய காரணத்தைக் கற்பிப்பது அது. மேகம் மழை பொழிவது இயல்பு. மன்னரின் கொடையைக் கண்டு நாணி மேகம் அழுகிறது என்று ஒருவர் பாடினால் அதுவே அந்த அணி.

ஆனால், இந்நடையின் உயிர்நாடி முபாலஃகா, அதாவது மிகைப்படுத்துதல். மதரஸாக்களில் பலாகத் பாடம் ஓதியவர்கள் இதன் மூன்று படிகளை அறிவார்கள். அறிவுக்கும் வழக்கத்துக்கும் ஒத்து வருவது முதற்படி, அது தப்லீஃக். அறிவு ஏற்கும், ஆனால் உலக வழக்கில் நடவாது என்பது இரண்டாம் படி, அது இஃக்ராக். அறிவும் ஏற்காது, வழக்கிலும் இல்லை என்பது மூன்றாம் படி. அதன் பெயர் ஃகுலுவ். மார்க்கத்தில் வரம்பு மீறுவதைக் குறிக்கும் அதே சொல்லையே அறிஞர்கள் இலக்கணத்திலும் வைத்திருக்கிறார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. முதற்படியில் நிற்பவர் நண்பர். மூன்றாம் படியில் நிற்பவர் தம்மையும் அழித்து, புகழப்படுபவரையும் அழிக்கிறார்.

கூலியும் கவியும்

கி.பி. 998 முதல் 1030 வரை ஆண்ட சுல்தான் மஹ்மூதின் கஸ்னீ அவையில் உன்ஸுரீ, ஃபர்ருகீ முதலிய பெரும்புலவர்கள் இருந்தார்கள். இவர்களையெல்லாம் முகத்துதி செய்தவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஃபர்ருகீயின் கதையைக் கேளுங்கள். அவர் ஸீஸ்தானில் ஒரு நிலக்கிழாரிடம் வேலை பார்த்தார். ஆண்டுக்கு 200 அளவைத் தானியமும் 100 திர்ஹமும் கூலி. திருமணமானபின் அது போதவில்லை. சற்று உயர்த்திக் கேட்டார், நிலக்கிழார் மறுத்துவிட்டார். அதன்பிறகே அவர் புரவலரைத் தேடிப் புறப்பட்டார். கிழிந்த உடையுடன் வந்து நின்ற இந்த நாட்டுப்புறத்து மனிதர்தாம் அவ்வளவு அழகிய கஸீதாவை இயற்றினார் என்பதை அமீரின் காரியஸ்தர் நம்பவில்லை. அமீரின் குதிரைக்குட்டிகளுக்குச் சூட்டுக்குறி இடும் புல்வெளியைப் பற்றி ஒரே இரவில் பாடச் சொன்னார். விடியற்காலையில் ஃபர்ருகீ பாடிக்காட்டிய பாடல் பாரசீக இலக்கியத்தில் இன்றும் புகழ்பெற்றது. இக்கதையைச் சொல்பவர் 12-ஆம் நூற்றாண்டினரான நிஜாமீ அரூஸீ.

ஆக, கூலி மறுக்கப்பட்ட ஓர் உழைப்பாளிதான் புகழ்ப்புலவரானார். 1030-இல் சுல்தான் மஹ்மூத் மறைந்தபோது அவர் பாடிய இரங்கற்பா பரிசை எதிர்பார்த்துப் பாடியதன்று. கஸ்னீ நகரம் சென்ற ஆண்டு கண்டது போல இல்லையே, தெருவெல்லாம் அழுகுரலாக இருக்கிறதே என்று வியப்பவர் போலத் தொடங்கி உள்ளத்தை உருக்குகிறார். உண்மையான அன்பு வந்தபோது நடையும் எளிமையாகிவிட்டது.

துன்பத்தைப் பாடிய கஸீதாக்கள்

கஸீதா மன்னர் புகழோடு நின்றுவிடவில்லை. மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, சிறைப் பாடல். நம் இந்தியத் துணைக்கண்டத்தின் லாகூரில் பிறந்த மஸ்ஊத் ஸஅத் ஸல்மான் (மறைவு கி.பி. 1121 அளவில்) அரச சந்தேகத்துக்கு ஆளாகிப் பல கோட்டைகளில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் சிறையில் கழித்தார். மலைக்கோட்டையின் தனிமை, விண்மீன்களை எண்ணிக் கழியும் இரவுகள், பெற்றோரையும் பிள்ளைகளையும் நினைத்து வாடும் உள்ளம் ஆகியவை அவருடைய கஸீதாக்களில் உள்ளன. ஹப்ஸிய்யாத், அதாவது சிறைப்பாக்கள் என்னும் தனிவகையே அவரால் சிறப்புற்றது.

இரண்டாவது, மக்களின் முறையீடு. 1153-இல் ஃகுஸ் என்னும் துருக்கியக் கூட்டத்தார் குராஸானைச் சூறையாடி சுல்தான் ஸன்ஜரைச் சிறைபிடித்தார்கள். பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பாழாயின. அப்போது அன்வரீ, ஸமர்கந்து ஆட்சியாளருக்கு ஒரு கஸீதா எழுதினார். விடியற்காற்றைத் தூதாக அழைத்து, குராஸான் மக்களின் கண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்குமாறு வேண்டினார். புகழ் அதிலும் உண்டு. ஆனால், அவர் கேட்டது பொற்காசை அன்று, மக்களுக்கு உதவியை.

மூன்றாவது, இடிபாட்டின் பாடம். ஷிர்வான் நாட்டுக் காகானீ (மறைவு கி.பி. 1199 அளவில்) ஹஜ் பயணத்தின்போது பக்தாதுக்கு அருகில், தஜ்லா ஆற்றங்கரையில் உள்ள மதாயினைக் கண்டார். அது கிஸ்ராக்களின் தலைநகர். ஹிஜ்ரி 16-இல் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் வென்று, அரண்மனையிலேயே தொழுகை நடத்திய இடம் அது. பெரும் வளைவு இன்றும் நிற்கிறது, ஆண்டவர்கள் இல்லை. அந்த இடிபாட்டைக் கண்ணாடியாக வைத்துப் படிப்பினை பெறுமாறு தம் உள்ளத்தையே அழைத்து அவர் பாடினார். மன்னர்களைப் புகழ்வதற்கென்று பிறந்த பாவகை மன்னர்கள் எங்கே என்று கேட்டது!

அறிவுரைக்குத் திரும்பியவர்கள்

கஸ்னீயின் ஸனாயீ (மறைவு கி.பி. 1131 அளவில்) முதலில் அரசவைப் புலவர். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. சுல்தானைப் புகழும் கஸீதாவுடன் அவர் போய்க்கொண்டிருந்தபோது, குளியலறை உலைக்கூடத்தில் பித்தர் ஒருவரின் குரல் கேட்டது. ஸனாயீயைக் குருடர் என்றார் அவர். சில வீண்வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு திரிகிறார். தாம் எதற்காகப் படைக்கப்பட்டோம் என்பது அவருக்குத் தெரியவில்லை என்று சொன்னாராம். ஸனாயீ அங்கேயே மனம் மாறினார் என்பர். கதையின் வரலாற்றுத்தன்மை எப்படி இருப்பினும், அவருடைய பிற்காலக் கஸீதாக்கள் துறவையும் மறுமையையும் பேசுகின்றன என்பது உண்மை.

நாசிர் குஸ்ரூவும் அரசுப் பணியில் இருந்தவர். நாற்பதை ஒட்டிய வயதில் ஒரு கனவால் விழித்தெழுந்து 1045 முதல் 1052 வரை ஏழாண்டுகள் பயணம் செய்தார். கொள்கையில் அவர் இஸ்மாயீலிப் பிரிவைச் சார்ந்தவர். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும், பொருளுக்காகத் தகுதியற்றவரைப் புகழ்வதை அவர் கண்டித்த துணிவு போற்றத்தக்கது.

குலிஸ்தானையும் போஸ்தானையும் எழுதிய ஷைகு ஸஅதீ (ரஹ்) அவர்களை அறியாத மதரஸா இல்லை. மங்கோலியர் சார்பில் ஷீராஸ் பகுதியை ஆண்ட அங்கியானூ என்னும் அதிகாரிக்கு அவர் கஸீதாக்கள் எழுதினார். புகழை எதிர்பார்த்திருந்த அந்த அதிகாரிக்கு, உனக்கு முன் எத்தனையோ பேர் ஆண்டார்கள், சென்றார்கள். நற்பெயர் ஒன்றே நிற்கும் என்னும் கருத்தே பாடலெங்கும் கிடைத்தது. 1258-இல் பக்தாத் வீழ்ந்தபோது அரபியிலும் பாரசீகத்திலும் இரங்கற்பா பாடியவரும் அவரே. வாளேந்திய ஆட்சியாளரின் முன்னிலையில் உண்மையைச் சொல்ல அவருக்குக் கஸீதாவின் மத்ஹ் பகுதியே இடமாயிற்று.

நபிபுகழும் அச்சமும்

புகழுக்கு முழுத்தகுதி படைத்தவர் யார் என்று தேடியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். நாம் ஓதும் புர்தாவை இயற்றிய இமாம் பூஸீரீ (ரஹ்) அவர்களும் எகிப்தில் அலுவலராக இருந்து, ஆட்சியாளர்களைப் பாடிய பின்னரே இவ்வழிக்கு வந்தவர். நம் தமிழகத்தின் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் வித்ரிய்யாவை விரித்து அரபியில் பாடியதும், உமறுப்புலவர் தமிழில் சீறாப்புராணம் இயற்றியதும் இதே வழியில்தான்.

பாரசீகத்தில் அக்பர் காலத்துக் கவிஞர் உர்ஃபீ (மறைவு லாகூரில், கி.பி. 1591) நபிபுகழ்க் கஸீதா ஒன்றில் தம்மையே எச்சரித்துக்கொள்கிறார். மன்னரைப் புகழும் நாவால் இங்கே ஓட முடியாது. ஒவ்வோர் அடியையும் அஞ்சி வைக்க வேண்டிய வழி இது என்பது அதன் கருத்து. கூடினால் ஃகுலுவ், குறைந்தால் அதபுக் குறைவு. தம்மை வரம்பு மீறிப் புகழக் கூடாதென்றும், அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்றே சொல்ல வேண்டுமென்றும் நபியவர்களே கற்பித்துள்ளார்கள்.

நம் பகுதிக்கு வந்த பாரசீகம்

இக்கலை நம் பகுதிக்கும் வந்தது. பீஜப்பூர் சுல்தான்களின் படைகள் 17-ஆம் நூற்றாண்டில் தெற்கே வேலூர், செஞ்சி வரை வந்தன. பீஜப்பூர் அவைப்புலவர் நுஸ்ரதீ (மறைவு கி.பி. 1674), 1665-இல் இயற்றிய 'அலீ நாமா'வில் பாரசீகக் கஸீதாவின் கம்பீரத்தைத் தக்னி மொழியில் அமைத்துக் காட்டினார். நம் மாவட்டத்தில் பலர் வீட்டில் பேசுகிறார்களே, அதே தக்னிதான்!

பீஜப்பூரிலிருந்து வந்து வேலூரில் தங்கிய ஷாஹ் அபுல் ஹஸன் குர்பீ (ரஹ்) அவர்களின் மாணவர் மௌலானா பாகிர் ஆகாஹ். ஹிஜ்ரி 1158-இல் (கி.பி. 1745) வேலூரில் பிறந்து, ஆற்காட்டு நவாப் வாலாஜாஹ்வின் ஆதரவில் சென்னையில் வாழ்ந்து, ஹிஜ்ரி 1220-இல் மறைந்தார். அரபியிலும் பாரசீகத்திலும் கவி பாடும் புலமை பெற்றிருந்தும், நபிவரலாற்றை 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்னும் பெயரில் தக்னியில் இயற்றினார். அரபியும் பாரசீகமும் அறியாத பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். விளங்காததை ஏன் பாடுகிறீர்கள் என்று யஃகூப் கேட்ட கேள்விக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின் வேலூரிலிருந்து இன்னொரு வகையில் விடை வந்தது.

தருமபுரியை உள்ளடக்கிய பாராமஹால், பாரசீகத்தை ஆட்சி மொழியாகக் கொண்ட திப்பு சுல்தானிடமிருந்து 1792-இல் கம்பெனியாரின் கைக்கு மாறியது. இங்கே அலுவல் பார்த்த தாமஸ் மன்றோவும் பாரசீகம் பயின்றவரே. தாசில்தார், ஜமாபந்தி, பந்தோபஸ்து என்று இன்றும் நம் அலுவலகங்களில் ஒலிக்கும் சொற்கள் அக்காலத்தின் எச்சங்களாகும். 1837-இல் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பாரசீகத்தை அகற்ற வழிசெய்யும் சட்டத்தைக் கம்பெனி இயற்றியது. தாமே கவிஞராக இருந்து, பாரசீகப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 'குல்ஸாரே அஃழம்' எழுதிய நவாப் குலாம் கவ்ஸ் கான் 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். கர்நாடக நவாப் பட்டத்தைக் கம்பெனி அத்துடன் முடிவுக்குக் கொண்டுவந்தது. புரவலர் இல்லாமற்போகவே கஸீதாவின் குரலும் மங்கியது.

நாம் பெறும் பாடம்

புரவலர்கள் போய்விட்டார்கள்; ஆனால், கஸீதா போய்விடவில்லை. நிகாஹ் மேடையிலும், பாராட்டுக் கூட்டத்திலும், சுவரொட்டியிலும் இன்று நாம் பாடுவது இயைபு இல்லாத கஸீதாவே. என் அன்றைய பேச்சும் அப்படிப்பட்டதே. நான் ஏறி நின்றது மூன்றாம் படி.

நபியவர்களின் முன்னிலையில் ஒருவர் இன்னொருவரைப் புகழ்ந்தபோது, நீர் உம் தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீர் என்னும் கருத்தில் எச்சரித்தார்கள். கட்டாயம் புகழ வேண்டுமாயின், அவரை இப்படி நான் எண்ணுகிறேன், அவரைக் கணக்கெடுப்பவன் அல்லாஹ் என்று சொல்லுமாறு கற்பித்தார்கள். அதே சமயம், மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்றும் போதித்தார்கள். ஆகவே, நன்கொடையாளருக்கு நன்றி கூறுவது கடமை. இந்த ஆண்டறிக்கையில் அவர்களின் பெயர்கள் இடம்பெறுவதும் முறையே. கொடுத்ததைச் சொல்வது நன்றி. இல்லாத குணத்தைச் சொல்வது பொய்ச்சாட்சி. அப்பொய்யால் முதலில் பாதிக்கப்படுபவர், அவரிடம் தமக்குரியதைப் பெற முடியாமல் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரே. மிம்பரில் நிற்பவரின் புகழ்ச்சி அவருடைய முறையீட்டின் வாயை அடைத்துவிடுகிறது.

மறுநாள் நான் அந்தச் செல்வரைத் தனியே சந்தித்து, முந்தைய நாள் நான் பேசியது அளவு மீறியது என்று ஒப்புக்கொண்டேன். அந்த இளைஞரின் கூலியையும் நினைவூட்டினேன். முதலில் அவர் முகம் சுளித்தார். பிறகு, "மறந்துவிட்டேன் ஹஜ்ரத்" என்றார். அந்த வாரமே கூலி கொடுக்கப்பட்டது. மேடையில் நான் பொழிந்த நூறு வார்த்தைகளை விட, தனியே சொன்ன அந்த ஒரு வார்த்தையே அவருக்கு நான் செய்த உண்மையான மத்ஹ் என்று கருதுகிறேன். அதன் பின்னர்தான் அவர் நான் புகழ்ந்த மனிதருக்குச் சற்று நெருங்கி வந்தார்.

ஸுஹைரைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் சொன்ன அளவுகோலை நம் நாவுக்கு நாம் வைத்துக்கொள்வோமாக! இல்லாததைச் சொல்லிப் புகழாமலும், இருப்பதைச் சொல்ல மறுக்காமலும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.